மூலையில் மட்டும் பச்சை

தண்ணீர் ஏறிய மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் விசாரிக்க வரத் தொடங்கினார்கள்.

பாண்டிமீனாவின் வயல் பரவைக்கு மேற்கே ஒரு கண்மாய்க்குக் கீழே, பள்ளத்தில் கிடந்தது. ஒரு ஏக்கரும் கொஞ்சமும். கார்த்திகை பிறந்ததும் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. நட்டு இருபத்தாறு நாளான பயிர் ஒரே இரவில் தண்ணீருக்குள் போய்விட்டது. விடிந்து பார்த்தபோது தொடையளவு செந்தண்ணீர் நின்றது. ஒரு இலைகூட வெளியே தெரியவில்லை.

வண்டியூரிலிருந்து அவளுடைய மூத்த நாத்தனார் ரெங்கம்மாள் இரண்டு பஸ் மாறி வந்தாள். கையில் ரொட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்குவது அது. வயலை விசாரிக்கப் போகும்போது என்ன வாங்குவது என்று யாருக்கும் தெரியாது.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். பாதையோரம் குந்தி, கையைத் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, ஒரு தூரைப் பிடுங்கி எடுத்தார்கள். வேரைத் தடவினார்கள். இலையை முகர்ந்தார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள். பிடுங்கியதைப் பாதையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். கையைக் கழுவியதும் அதே தண்ணீரில்தான்.

ரெங்கம்மாள் இரண்டு தூர் பிடுங்கினாள். பாண்டிமீனா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“மதினி, பாத்துட்டு விட்டுருங்க. பிடுங்காதீங்க.”

“செத்ததத்தானத்தா பிடுங்குறேன்.”

பிடுங்கினால்தான் செத்ததா இல்லையா என்று தெரியும். பிடுங்கிவிட்டால் செத்ததுதான். இதை நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்று பாண்டிமீனாவுக்குத் தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் இந்த முறை நட்டது வெள்ளம் தாங்கும் ரகம். இரண்டு வருஷத்துக்கு முன்பு விவசாயக் கல்லூரிப் பண்ணையில் கூலி வேலைக்குப் போனபோது அந்த ரகத்தைப் பார்த்திருக்கிறாள். அங்கே ஹஃபீஸா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி. காஜிமார் தெருப் பெண். சிமெண்டுத் தொட்டிகளில் நெல்லை நட்டு, வேண்டுமென்றே தண்ணீரில் மூழ்கவைத்து, பதினான்கு நாள் கழித்து வெளியே எடுத்துப் பார்ப்பாள். மழை சும்மா செய்கிற வேலையை இங்கே ஆள் வைத்துச் செய்கிறார்கள் என்று பாண்டிமீனாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது.

தண்டை அடியில் குறுக்கே அறுத்துக் கண்ணாடித் தட்டில் வைப்பது பாண்டிமீனாவின் வேலை. ஹஃபீஸா அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விடுவாள். தண்டில் மாவுச்சத்து இருந்தால் கறுநீலமாகும். இல்லையென்றால் மருந்தின் நிறமே நிற்கும். ஒரு நாளைக்கு இருநூறு தண்டு.

சில நாட்களில் ஹஃபீஸா நோன்பு வைத்திருப்பாள். ரமலானில் விட்டுப்போன நோன்புகளை அடுத்த ரமலானுக்குள் வைத்து முடிக்க வேண்டுமாம். அந்த நாட்களில் வேகமாக நடக்கமாட்டாள். நிழலைவிட்டு வரமாட்டாள். மெதுவா நடந்தா பசிக்காதாக்கும் என்று பாண்டிமீனா ஒருநாள் கேலி செய்தாள்.

“பசிக்கும்க்கா. சாயங்காலம் மஹரிப் வரைக்கும் இருக்குறத வச்சு ஓட்டணும்ல” என்றாள் ஹஃபீஸா. பிறகு தொட்டியைக் காட்டினாள். “இதுவும் அப்படித்தான். தண்ணி மூடுனதும் வளர்றத நிறுத்திரும். அடித்தண்டுல இருக்குற மாவ கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கும். அந்தப் பக்கத்துத் தொட்டியில இருக்குறது சாதா ரகம். எப்படியாச்சும் தலைய வெளிய நீட்டணும்னு ஒரே வாரத்துல எல்லாத்தையும் தின்னு தீத்துரும்.”

அதைக் கேட்டுத்தான் பாண்டிமீனா விதை டெப்போவில் அந்த ரகத்தைக் கேட்டு வாங்கினாள். அவள் புருஷன் அழகுபாண்டி அதற்குக் காலேஜ் நெல் என்று பெயர் வைத்தான். அவன் டவுன் பஸ் கண்டக்டர். சிம்மக்கல் வழியாகப் போகும் வண்டி. வயல் அவன் அப்பா விட்டுப்போனது, பாடு முழுக்க அவளுடையது.

ஆறாம் நாள் மலைச்சாமியின் பயிர் தலை காட்டியது.

மலைச்சாமியின் வயல் அடுத்த வரப்பு. அழகுபாண்டி படித்த பள்ளிக்கூடத்திலேயே படித்தவர், வயதில் மூத்தவர். அவர் நட்டது ஊரெல்லாம் நடுகிற சாதா ரகம். காலையில் தண்ணீருக்குமேல் ஊசி ஊசியாகப் பச்சை. மறுநாள் வயல் முழுக்கப் பச்சை. விசாரிக்க வந்தவர்கள் பாண்டிமீனாவிடம் முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டு நாலு எட்டு நடந்து மலைச்சாமியிடம் சிரித்துப் பேசினார்கள். அவருக்கே கூச்சமாக இருந்தது. பாண்டிமீனாவைப் பார்த்தால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாண்டிமீனா கலங்கவில்லை. சாதா ரகம் அப்படித்தான் தலையை நீட்டும். தன்னுடையது வெளியே வராமல் இருப்பதுதான் சரி.

ஏழாம் நாள் அவளுடைய வயலிலும் பச்சை தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில், வடகிழக்கு மூலையில், ஒரு வீடு கட்டும் அளவுக்கு.

ஊர் அதற்கு உடனே காரணம் கண்டுபிடித்தது. ஈசான மூலை. சாமி இருக்கிற மூலை பிழைத்துக்கொண்டது, மற்றதெல்லாம் போய்விட்டது. அழகுபாண்டி அந்த மூலையில் சூடம் கொளுத்திவிட்டு டூட்டிக்குப் போனான்.

பாண்டிமீனாவின் நம்பிக்கை அன்றைக்குத்தான் ஆடியது. வெளியே வராமல் இருப்பதுதான் இந்த ரகத்தின் குணம் என்றால் மூலையில் மட்டும் ஏன் வந்தது? அங்கே உயிரோடு இருப்பது வளர்கிறது. அப்படியென்றால் மற்ற இடத்தில் வளராமல் கிடப்பது செத்தது. விதை மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டு பொய்யாக இருக்கலாம். தொட்டியில் நடந்தது வயலில் நடக்காமலும் இருக்கலாம். இந்தக் கணக்கில் அவளால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

எட்டாம் நாள் மலைச்சாமி டீக்கடையில் நாலு பேர் முன்னால் அழகுபாண்டியிடம் சொன்னார். அவருடைய தம்பி வயலுக்கென்று பிந்தி விட்ட நாற்றங்கால் ஒன்று மேட்டில் இருக்கிறது. தம்பி இந்தத் தடவை நடவில்லை. ஒரு ஏக்கருக்கு வரும்.

“எம் பயிரு தப்பிச்சிருச்சு மாப்ள. அந்த நாத்து ஒனக்குத்தான். ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்.”

சுற்று வட்டாரத்தில் வேறு நாற்று இல்லை. இனி விதைத்து நாற்று விட்டால் பருவம் போய்விடும். அந்த நாற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நட்டாக வேண்டும், அதற்குமேல் முற்றிவிடும். அழகுபாண்டி அன்றைக்கே டிராக்டருக்குச் சொல்லிவிட்டான். ஞாயிறு காலையில் பழைய பயிரைச் சேற்றோடு சேர்த்து உழுதுவிட்டு, மதியம் புது நடவு. பாண்டிமீனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் தண்ணீர் வடியத் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது.

மலைச்சாமியின் பயிர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறது. தண்ணீர் போனதும் அத்தனையும் ஒரே பக்கமாகச் சேற்றில் படுத்துவிட்டது. நீளமான வெளுத்த இலைகள். தண்டு நூலாக இருந்தது. மதிய வெயிலில் அது துணி காய்வது மாதிரிக் காய்ந்தது.

மூலையைத் தவிர, பாண்டிமீனாவின் வயல் படுக்கவில்லை. படுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சாண் உயரத்துக்குக் குட்டைக் குட்டையாகப் பழுப்புத் தூர்கள், இலைமேல் வண்டல் படிந்து, அழுகல் வாடையோடு. யார் பார்த்தாலும் செத்தது என்றுதான் சொல்வார்கள்.

சாயங்காலம் அவள் மலைச்சாமியைப் பார்க்கப் போனாள். விசாரிக்கத்தான். அவர் வரப்பில் குந்தியிருந்தார். நாற்றைப்பற்றி அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இருக்கிறது ஒரு ஏக்கர் நாற்று. அவருக்கு வேண்டும், ஆனால் கேட்கமாட்டார். நாலு பேர் முன்னால் சொன்னதைத் திரும்பக் கேட்பது அவருக்கு வராது. நாளை மறுநாள் அவள் வயலில் அதை நடும்போது அவர் இந்த வரப்பில்தான் இருப்பார்.

பேச்சு எதையெதையோ சுற்றி வந்தது. பிறகு அவர் அவளுடைய வயலின் மூலையைக் கைகாட்டினார். அங்கேயும் பயிர் படுத்துக் கிடந்தது.

“என் நாத்து எங்க போனாலும் இதே கதிதான் போல, தங்கச்சி.”

“ஒங்க நாத்தா?”

“நடவன்னைக்கு அந்த மூலைக்கு நாத்துப் பத்தலைன்னு ஒன் ஆளுக வந்து நாலு முடி வாங்கிட்டுப் போனாளுகளே. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது. அவள் அந்த நேரம் நடவுக்காரிகளுக்குச் சோறு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது மூலை நட்டு முடிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. நாலு கட்டு நாற்றைப்பற்றி யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். மலைச்சாமி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து விழித்தார்.

மூலையில் நட்டது அவளுடைய நெல் இல்லை. அது அவருடைய நெல். தலை நீட்டியதும் அதனால்தான், படுத்ததும் அதனால்தான். ஆறு நாளாக அவள் அந்த மூலையைப் பார்த்து மற்ற வயலை அளந்துகொண்டிருந்தாள். ஊர் மொத்தமும் அப்படித்தான் அளந்தது.

இதனால் அவளுடைய பயிர் உயிரோடு இருக்கிறது என்று ஆகிவிடாது. செத்தது என்பதற்கு இருந்த அத்தாட்சி போய்விட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் அரிவாளோடு வயலுக்குள் இறங்கினாள். எதையும் பிடுங்கவில்லை. நடுவில் பத்துத் தூர், மேற்கில் பத்துத் தூர், மூலையில் ஐந்து. தூருக்கு ஒரு தண்டு, அடியில் அறுத்தாள். வீட்டில் ஆட்டுப் புண்ணுக்கு வாங்கி வைத்த அயோடின் பாதிப் பாட்டில் இருந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்துக் கழுவினாள். தண்டுகளின் அடியைக் கத்தியால் மெல்லச் சீவி, தட்டில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு சொட்டு விட்டாள்.

மூலைத் தண்டுகள் ஐந்தும் மருந்தின் நிறத்திலேயே நின்றன. கொஞ்சநேரம் பார்த்தாள். மாறவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் செலவழித்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்திருக்கிறது.

மற்றவை உடனே மாறவில்லை. பண்ணையில் சொட்டு விழுந்ததும் கறுத்துவிடும். இங்கே அப்படி இல்லை. அவள் தட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நடுத் தண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் வந்தது. பிறகு அது நீலமானது. பள்ளிக்கூடச் சட்டையில் மை கசிந்த மாதிரி, லேசாக. அடுத்ததிலும் வந்தது. சிலதில் வரவில்லை. இருபதில் பதினைந்து.

போட்டோ எடுத்து ஹஃபீஸாவுக்கு அனுப்பினாள். அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். கால் மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது.

“போட்டோல நெறம் சரியாத் தெரியலக்கா. தொட்டியில இந்த நெறத்துல இருந்தது பொழைச்சதும் உண்டு, போனதும் உண்டு. அங்க தண்ணி கலங்கலா வேற இருந்துருக்கும். நான் சொன்னேன்னு முடிவெடுக்காதீங்க.” கொஞ்சம் இடைவெளி. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். “வச்சுப் பாக்குறதா இருந்தா தண்ணிய ஒரேயடியா வடிச்சிராதீங்க, வெயில் தாங்காது. யூரியா ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க. அதுவா ஒரு இலை விட்ட பெறகு குடுங்க.”

பாண்டிமீனா அதை இரண்டு தடவை கேட்டாள். முடிவெடுக்காதீங்க என்ற இடத்தைத்தான் திரும்பக் கேட்டாள். இவ்வளவு படித்த பெண்ணே சொல்ல மாட்டேன் என்கிறாள்.

தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். நாற்றை வாங்கிக்கொண்டால் அவள் குடும்பத்துக்கு இந்த வருஷம் நெல் உண்டு, மலைச்சாமிக்கு இல்லை. விட்டுக்கொடுத்துப் பயிரும் வராவிட்டால் அவருக்கு உண்டு, அவளுக்கு இல்லை. டிராக்டர் ஏறிவிட்டால் இந்தப் பதினைந்தும் சேறு. பன்னிரண்டு நாள் இருட்டிலும் சேற்றிலும் வளராமல், அசையாமல், கையில் இருந்ததைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டு கிடந்திருக்கிறது. மேலே நின்றவர்கள் அதைச் சாவு என்றார்கள். அவளும் ஆறு நாள் அப்படித்தான் நினைத்தாள்.

நீலம் அதற்குமேல் கறுக்கவில்லை. காயத் தொடங்கியது. அவள் தட்டைத் திண்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மலைச்சாமி மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நாத்து எனக்கு வேணாம். நாளைக்கு டிராக்டர ஒங்க வயல்ல விட்டுக்கங்க.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “என்னைய பாத்துப் பரிதாபப்பட்டா குடுக்க வந்த?”

“இல்ல. எம் பயிரு சாகல.”

“நான் காலைல பாத்தேன், தங்கச்சி. வாடை அடிக்குது.”

“இலைதான் அழுகிருக்கு. தண்டுல உசுரு இருக்கு.”

“ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “முக்கா வாசி தெரியும்.”

மலைச்சாமி மாட்டின் முதுகைத் தேய்க்கத் தொடங்கினார். சொன்னா சொன்னதுதான், அழகுபாண்டி வந்து சொல்லட்டும் என்றார். விதை வாங்கினது நான், நட்டது நான், உழுறதா வேணாமான்னும் நான்தான் சொல்லணும் என்றாள் அவள். மலைச்சாமி மாட்டின் பக்கம் திரும்பினார். வாளியை எடுத்தார். மாட்டின்மேல் தண்ணீர் ஊற்றினார். பாதித் தண்ணீர் அவர் காலில் விழுந்தது.

அழகுபாண்டி டூட்டி முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமல் நின்று கேட்டான். மூலைக் கதையைச் சொன்னாள். தட்டைக் காட்டினாள். அதற்குள் எல்லாம் ஒரே பழுப்பாகக் காய்ந்து போயிருந்தது. சூடம் கொளுத்தியது மலைச்சாமி நாற்றுக்கா என்று அவன் கேட்டான். ஆமாம் என்றாள்.

“வரலைன்னா?”

“வரலைன்னா நான்தான் காரணம்.”

“ஊர்ல அப்படியா சொல்லுவாங்க? பொண்டாட்டி பேச்சக் கேட்டு மண்ணாப் போனான்ம்பாங்க.”

“அத இப்பவே சொல்றாங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு உள்ளே போனான். இரவு அவளோடு பேசவில்லை. ஆனால் டிராக்டர்காரனுக்குப் போன் செய்து வயல் மாற்றம் என்று சொன்னது அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமி வயலில் நடவு நடந்தது. பாண்டிமீனாவும் இறங்கி நட்டாள். நிமிரும்போதெல்லாம் வரப்புக்கு அந்தப்பக்கம் தன்னுடைய வயல் தெரிந்தது. இந்தப் பக்கம் பச்சை வரிசை, அந்தப் பக்கம் பழுப்பு. பக்கத்தில் நட்ட பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினார்கள். அவள் இருப்பதால் மெதுவாகப் பேசினார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மடையைக் கொஞ்சமாகத் திறந்து தன் வயலில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமை அழகுபாண்டி வண்டியில் யூரியா மூட்டையோடு வந்தான். சோர்ந்து கிடப்பதற்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இலை இல்லாததுக்கு உரம் போட்டால், இருக்கிற கொஞ்சத்தையும் அவசரப்பட்டுச் செலவழித்துவிடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

புதன் ஒன்றுமில்லை. வியாழன் வாடை அதிகமானது. அன்றைக்கு அவள் வயலுக்கு மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை வரப்பிலேயே உட்கார்ந்து, வளையம் உண்மையிலேயே நீலமாகத்தான் இருந்ததா, தான் ஆசைப்பட்டுப் பார்த்ததா என்று யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தூரின் நடுவில், அழுகிய இலைகளுக்குள் இருந்து, தீக்குச்சி உயரத்துக்கு ஒன்று நின்றது. வெளிர் மஞ்சள், நுனியில் பச்சை. அவள் அதைத் தொடவில்லை. அடுத்த தூரைப் பார்த்தாள். இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே மேற்கு வரப்பு வரைக்கும் போனாள். இடுப்பு கடுத்தபோதுதான் நிமிர்ந்தாள்.

அழகுபாண்டிக்குப் போன் செய்தாள். பஸ் சத்தம் கேட்டது. யாரோ சில்லறை கேட்டார்கள்.

“இலை விட்டுருச்சு.”

“எம்புட்டு?”

“பாதிக்கு மேல. நாளைக்கு இன்னும் தெரியும்.”

 விசில் ஊதும் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. பிறகு, இரு, சிம்மக்கல் வந்துருச்சு, ஆளு எறங்கட்டும் என்றான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி கிளம்பிய பிறகும் அவன் போனை வைக்கவில்லை.

மார்கழி பிறந்தபோது வயலில் நாலில் மூன்று பங்கு பச்சையாக இருந்தது. மூலை வெறும் சேறு. நன்றாகத் தூர் கட்டியவற்றிலிருந்து இரண்டிரண்டு தண்டு பிரித்து அவள் அந்த மூலையை நட்டு நிரப்பினாள். பயிர் இருபது நாள் பிந்திவிட்டது. மற்றவர்கள் அறுக்கும்போது இது பால் பிடித்துக்கொண்டிருக்கும். மாசி முடியும்வரை தண்ணீர் வேண்டும்.

நட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுக் கண்மாய்க் கரையில் ஏறினாள். மறுகால் நின்று இரண்டு வாரம் தாண்டிவிட்டது. மடைக்கல்லில் தண்ணீர் இருந்த கோடு தெரிந்தது. தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே நின்றது. அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம்கூட இல்லை. இன்னும் ஒரு மழை பெய்தால் நல்லது.